கூத்துக்கு ஏற்ற பெட்டி எது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் கோலியனூரைத் தாண்டினால் வருவது வளவனூர். நெல்லும் கரும்பும் விளையும் வட்டாரம். திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைந்த வட்டாரமும் கூட. பங்குனி பிறந்து ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊரில் கொடியேறியிருக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் மகாபாரதத்தை முதலில் தெரிந்துகொண்டது புத்தகத்திலோ டிவியிலோ இல்லை. பாயில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்ற, கட்டியக்காரன் சொன்ன ஜோக்குக்கு சிரித்துக்கொண்டேதான் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பாயிலேயே கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு விசித்திரம் புலப்படும். துரியோதனன் கட்டை வேஷத்தோடு திரையை விலக்கிக்கொண்டு வருகிறான். சலங்கை குலுங்க, தரை அதிர மிதிக்கிறான். மத்தளக்காரர் வியர்வை சொட்ட இரண்டு கையாலும் வாசிக்கிறார். ஆனால் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வருவது வெறும் 'டிக் டிக் டக்'. வலது கை மட்டும் வாசிப்பதுபோல் இருக்கிறது. இடது கை எங்கே போனது?

அந்த இடது கையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கூத்து அழிகிறது, கலைஞர்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்றெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் கூத்தின் பாதி இசை ஒவ்வொரு இரவும் ஒரு தவறான ஸ்பீக்கரால் காணாமல் போகிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு கூத்து ஜமா தனக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அதை வாட்ஸ் பார்த்து வாங்காமல் மத்தளத்தின் இடது பக்கம் கேட்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சொல்ல வருவது அவ்வளவுதான்.

மைக் வருவதற்கு முன்பு

மைக் இல்லாத காலத்தில் கூத்து நடக்கவில்லையா? நடந்தது. தீவட்டி வெளிச்சத்திலும் பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் விடிய விடிய நடந்தது. அதற்குத் தகுந்தமாதிரிதான் அந்த இசையே அமைந்திருக்கிறது. உச்ச ஸ்தாயியில் பாட்டு. காதைத் துளைக்கும் முகவீணை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பின்பாட்டு. மூன்று பக்கமும் நெருங்கி உட்கார்ந்த ஜனம். தரையில் மிதித்தால் அது முதல் வரிசைக்காரரின் முட்டியில் தெரியும். மத்தளத்தின் ஆழமான சத்தம் காதில் விழும் முன்பே வயிற்றில் விழும்.

பிறகு ஊர் பெருத்தது, கூட்டம் பெருத்தது. பக்கத்தில் லாரி ஓடும் சாலை வந்தது, ஜெனரேட்டர் வந்தது. மைக் தேவைப்பட்டது. அதில் தப்பில்லை. ஆனால் வந்த மைக் செட் கூத்துக்காக வந்ததல்ல. கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வந்தது. பேச்சு கேட்டால் போதும் என்பதுதான் அதன் வேலை. ஆட்டக்காரர்கள் நடுவில் நிற்கும் ஒரே மைக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பாட ஆரம்பித்தார்கள். மத்தளத்துக்கு ஒரு மைக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மத்தளத்தின் இரண்டு முகம்

மத்தளம் என்று கூத்தில் சொல்வது பெரும்பாலும் மிருதங்கம்தான். கூடவே டோலக்கும் இருக்கும். இரண்டுக்கும் இரண்டு முகம். வலது முகத்தின் நடுவில் கறுப்பாக ஒரு சோறு பூசியிருப்பார்கள். இடது முகத்துக்குத் 'தொப்பி' என்று பெயர். மிருதங்கத்தில் வாசிப்பதற்கு முன் அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். கனம் கூடினால் தோல் மெதுவாக அதிரும், சத்தம் தாழும்.

அந்தக் கறுப்புச் சோற்றின் ரகசியத்தை அறிவியல் ரீதியாகச் சொன்னவர் நம்ம சி.வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்பே, 1920-இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவாக இன்னொரு கட்டுரையும் எழுதினார். விஷயம் இதுதான். சாதாரணத் தோல் வாத்தியத்தை அடித்தால் பல அதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும், அதனால் அது வெறும் சத்தமாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலது முகத்தில் அந்தச் சோறு, அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. தந்தி வாத்தியத்தில் இருப்பதுபோல! அதனால்தான் அதற்குச் சுருதி சேர்க்க முடிகிறது.

இதில் ஸ்பீக்கருக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. முழு மடங்குகளாக வரும் ஒலியில் அடிப்படை அதிர்வை வெட்டிவிட்டாலும், மேலே உள்ள மடங்குகளை வைத்து மூளை அந்தச் சுருதியைக் கண்டுபிடித்துவிடும். அடித்தளம் கேட்காத டெலிபோனில் ஆண் குரலை ஆண் குரலாக அடையாளம் காண்பது இப்படித்தான். ஆக மோசமான ஸ்பீக்கரிலும் வலது முகம் பிழைத்துக்கொள்ளும். தொப்பிக்கு அந்த வசதி குறைவு. அதன் உயிர் சுமார் நூறு ஹெர்ட்ஸையும் அதற்குக் கீழேயும் சுற்றி இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது தோலில் கை படும் 'தப்' மட்டும்தான்.

குழாய் ஏன் இடது கையை விழுங்குகிறது?

குழாய், ஹாரன், கூம்பு ஒலிபெருக்கி என்று எந்தப் பெயரில் சொன்னாலும் ஒன்றுதான். அதன் அடியில் சின்னதாக ஒரு யூனிட், அதிலிருந்து விரிந்துகொண்டே போகும் உலோக வாய். இது ஓர் அருமையான கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. கொஞ்சம் மின்சாரத்தில் ஏகப்பட்ட சத்தம் தரும், மழையில் நனைந்தாலும் மறுநாள் பாடும்.

ஆனால் எவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியும் என்பதை அதன் வாயின் அகலமும் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. நூறு ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 3.4 மீட்டர் நீளம், அதாவது பதினோரு அடி. ஒன்றரை இரண்டு அடி வாயுள்ள குழாயால் அந்த அலையைத் தாங்கிக் காற்றில் விட முடியாது. பெரும்பாலான குழாய்களின் வேலை சுமார் 300 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளதை ஆம்ப்ளிஃபையரில் எவ்வளவு திருகினாலும் வராது, யூனிட்தான் கிழியும்.

இதனால் களரியில் நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் பழக்கமானது.

"தம்பி, மத்தளத்த கொஞ்சம் ஏத்துப்பா."

"ஏத்தினா ஊளையிடுதுங்க வாத்தியாரே."

இருவர் சொல்வதும் சரி. வாத்தியார் கேட்பது இடது கையை. செட்காரத் தம்பியால் ஏற்ற முடிவது வலது கையை மட்டும்தான். இரண்டும் ஒரே பித்தானில் இருப்பதாக இருவருமே நினைக்கிறார்கள்! விடியும் நேரத்தில் மத்தளக்காரரின் இடது கை வீங்கியிருக்கும். கேட்காததால் அவர் இன்னும் பலமாக அடித்திருப்பார்.

டபுள் பேஸ்காரர்கள் பட்ட பாடு

இதே தொல்லையை உலகத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு கூட்டம் அனுபவித்திருக்கிறது. ஜாஸ் இசைக்குழுக்களில் ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் மாதிரி இருக்குமே, நின்றுகொண்டு வாசிப்பார்களே, அதுதான் டபுள் பேஸ். அதன் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது அந்தத் தந்தி யாருக்குக் கேட்கும்?

எவரெட் ஹல் என்ற அமெரிக்க டபுள் பேஸ் வாசிப்பவர் 1940-களில் இதற்கு ஒரு வழி செய்தார். பேஸைத் தரையில் ஊன்றும் கம்பி (அதைப் 'பெக்' என்பார்கள்) வழியாக ஒரு மைக்கை வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளேயே நிறுத்தினார். 'ஆம்ப்ளிஃபைட் பெக்' என்பது சுருங்கி 'ஆம்பெக்' ஆனது. பின்னாளில் பேஸ் ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பேர்போன கம்பெனியின் பெயர் அது. 1951-இல் லியோ ஃபெண்டர் எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது பலர் மர பேஸையே கைவிட்டார்கள். விடாதவர்கள் இன்றுவரை சரியான பெட்டியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்களின் சிக்கலும் மத்தளக்காரரின் சிக்கலும் ஒன்றுதான். வாத்தியம் உள்ளே வெற்றிடமான மரம். பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் அந்தச் சத்தத்தில் மரமும் தோலும் சேர்ந்து அதிரும், அதை மைக் மறுபடி பிடிக்கும், பெட்டி 'ஊம்ம்' என்று உறுமும். பெட்டி பெரிதாக இருந்தால் தூக்க முடியாது, சிறிதாக இருந்தால் அடிச் சத்தம் இல்லை. பல வருஷ அனுபவத்தில் அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம், ஒற்றை 10 இன்ச் அல்லது 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கச்சிதமான பெட்டி. அதில் 41 ஹெர்ட்ஸ் முழுசாக வராது. ஆனால் அதற்கு மேலே உள்ளது சுத்தமாக வந்தால் கேட்பவர் காது மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. ஒரு கையில் வாத்தியம், ஒரு கையில் பெட்டி. நிகழ்ச்சி முடிந்ததும் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கூத்துக்காரருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தொப்பிக்கு 41 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டிய அவசியம் இல்லை. அறுபது எழுபது ஹெர்ட்ஸ் வரை நேர்மையாகப் பாடும் பெட்டி போதும். டபுள் பேஸ்காரருக்குக் கிடைக்காத சலுகை இது!

மூன்றில் இரண்டுதான்

கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விதி இருக்கிறது. ஸ்பீக்கர் உலகத்தில் அதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர். 1957-இல் தொடங்கிய 'கே.எல்.எச்.' கம்பெனியின் மூன்றாவது எழுத்துக்குச் சொந்தக்காரர்தான் ஹாஃப்மன். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரு பெட்டி தர முடியும். மூன்றும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்.

குழாய் ஸ்பீக்கர் சத்தத்தைத் தேர்ந்தெடுத்து பேஸை விட்டுவிட்டது. கல்யாண டி.ஜே.க்கள் கொண்டுவரும் 18 இன்ச் இரட்டைப் பெட்டிகள் பேஸையும் சத்தத்தையும் தேர்ந்தெடுத்து அளவை விட்டுவிட்டன. அவற்றை இறக்க நாலு பேர் வேண்டும், மினி லாரி வேண்டும். கூத்து ஜமா எதை விட வேண்டும்? சந்தேகமே வேண்டாம், அதிக சத்தத்தை! சிறிய பெட்டியும் ஆழமான பேஸும் இருந்தால் போதும். ஆம்ப்ளிஃபையர் வாட்ஸ் முன்பைவிட இப்போது மலிவு, அந்தக் குறையை அதை வைத்து ஓரளவு ஈடுகட்டலாம்.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் ஸ்பீக்கரின் அகலம். ஒரே சத்த அளவில் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு அதிகமாக முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்ன ஸ்பீக்கர் இங்கேதான் திணறும். 8 இன்ச்சை விட 12 இன்ச்சுக்கு இரண்டேகால் மடங்கு பரப்பு. 15 இன்ச் இன்னும் தாழப் போகும், ஆனால் கனம் கூடும், பாட்டின் சொற்களும் மங்க வாய்ப்புண்டு. கூத்தில் சொல் முக்கியம். அதனால் 12 இன்ச்சும் மேலே ஒரு சின்ன ட்வீட்டரும் உள்ள பெட்டிதான் நடுநிலையான தேர்வு. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ரகம் சுமார் 15 முதல் 20 கிலோவுக்குள் கிடைக்கிறது. ஒரு ஆள் தூக்கலாம், கிரீடப் பெட்டியோடு வேனில் ஏற்றலாம்.

இரண்டாவது, எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து பாடும் என்ற எண். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. '45 ஹெர்ட்ஸ்' என்று போட்டுவிட்டு, அந்த இடத்தில் சத்தம் 10 டெசிபல் விழுந்திருப்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். 3 டெசிபல் மட்டுமே விழும் இடம் எது என்று கேட்க வேண்டும். அது 60-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

மூன்றாவது, ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண். இதை விட்டுவிட்டு வெறும் வாட்ஸைப் பார்ப்பது பெட்ரோல் டேங்க்கைப் பார்த்து மைலேஜைச் சொல்வதுபோல. 91 டெசிபல் பெட்டிக்கு 400 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தமும் 97 டெசிபல் பெட்டிக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தமும் ஒன்றுதான்! ஜெனரேட்டரிலும் பேட்டரியிலும் ஓட்டுபவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

நான்காவது, மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா? 1954-இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த முழுக்க மூடிய சின்னப் பெட்டிதான், அளவு சிறியதானாலும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டியது. மூடிய பெட்டியில் அடி விழுந்ததும் சத்தம் சட்டென்று நிற்கும். ஓட்டை உள்ளதில் சத்தம் கூடும், ஆனால் ஓட்டைக்குச் சுருதி சேர்த்திருக்கும் இடத்தில் ஒரு 'ஊம்' இழுத்துக்கொண்டே நிற்கலாம். இன்று மேடைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஓட்டை உள்ளவைதான் கிடைக்கின்றன. அதனால் வாங்கும் முன் காதால் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சோதிப்பது எப்படி? கடையில் போட்டுக் காட்டும் சினிமாப் பாட்டை நம்பக் கூடாது. மத்தளக்காரரையே வாத்தியத்தோடு அழைத்துப் போக வேண்டும். தொப்பியில் மட்டும் மெதுவாக அடிக்கச் சொல்லி இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா? கையால் அழுத்தி இழுக்கும் அந்தக் கும்காரம் ஏறி இறங்குவது தெரிகிறதா? வேகமாக அடித்தால் ஒன்றோடொன்று குழைகிறதா? பிறகு ஒருவர் கூடவே விருத்தம் பாட வேண்டும். சொல் புரிகிறதா? ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது?

நல்ல பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்தால் பழைய கதைதான். கூத்து நடப்பது மண் தரையில், அது நல்ல விஷயம். மரமேடை போட்டிருந்தால் பெட்டி மேடையையே ஒரு மத்தளமாக்கிவிடும். பெட்டியை மண்ணில் வைத்தால் தரையின் உதவியால் பேஸ் கூடும், ஆனால் முதல் வரிசையின் முதுகிலேயே சொற்கள் நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே வருமாறு உறுதியான ஸ்டூலோ ஸ்டாண்டோ போட்டு, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைக்கலாம். பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சின் முன்பக்கம், இரு ஓரமும் ஒவ்வொன்று, மைக்குகளுக்குப் பின்னால் அல்லாமல் முன்னால்.

மத்தள மைக் தொப்பியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் லாபம். ஒரு பைசா செலவில்லாமல் ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்கு ஆக்கியதற்குச் சமம். ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் வாங்கும் சாதாரண மேடை மைக்குகளில் பக்கத்தில் போகப்போக பேஸும் தானாகக் கூடும். மிக்ஸரில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றும் ஜெனரேட்டர் உறுமலும் போய்விடும். ஊளைக்கும் பாதி வைத்தியம் இதுவே.

தூரமும் சட்டமும்

இப்போது எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களில், வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்கு தரலாம். 2010-இல் செய்த திருத்தத்தில் இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். கூத்து ஆரம்பிப்பதே பத்து மணிக்குத்தான்! முடிவது விடியலில். அதாவது கூத்தின் மொத்த ஆயுளும் தடை செய்யப்பட்ட நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்குக் காவல்துறை தரும் நிபந்தனைகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்தான் என்று சொல்வதும் பல வருஷ வழக்கம்.

சின்னப் பெட்டி வாங்கினால் இந்த விதி மாறிவிடுமா? மாறாது. பெட்டி ஒரு லைசென்ஸ் அல்ல. ஆனால் புகார் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். பாயில் உட்கார்ந்திருப்பவர் புகார் செய்வதில்லை. அரை மைல் தள்ளி, காலையில் வேலைக்குப் போக வேண்டியவர், குழந்தையைத் தூங்கவைக்க முடியாதவர், பரீட்சைக்குப் படிப்பவர், இவர்கள்தான் செய்கிறார்கள். அவர்களிடம் நியாயம் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு வாட்டுக்கு 108 டெசிபல் தரும் குழாய்க்கு 30 வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டரில் 123. அதுவே ஒரு கிலோமீட்டர் தள்ளி 63. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதி அனுமதிக்கும் அளவு 45 தான். மாறாக 95 டெசிபல் தரும் பெட்டி சராசரியாக ஒரு வாட்டில் ஓடினால் 8 மீட்டரில் 77, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சத்தமாகப் பேசுவதைவிட அதிகம். கூட்டத்துக்குத் தாராளம். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெறும் 35, ராத்திரிப் பூச்சிகளின் சத்தத்தில் கரைந்துவிடும். (காற்று, மரம், சுவர் எதையும் சேர்க்காத கணக்கு இது. நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) அப்படியானால் 200 வாட்ஸ் பெட்டி எதற்கு? தொப்பியில் ஓங்கி ஓர் அடி விழும் அந்தக் கணத்துக்காக. சராசரி ஒரு வாட், உச்சம் பல பத்து வாட். அந்தக் கணத்தில் பெட்டி கரகரக்கக் கூடாது.

"அப்புறம் பக்கத்து ஊருக்கு எப்படிக் கேட்கும்?"

நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல கூத்து என்பதைப் பக்கத்து ஊர் கேட்க வேண்டும் என்பதில் ஒரு பெருமை இருக்கிறது. சாயங்காலம் குழாயில் பாட்டு கேட்டுத்தானே ஜனம் கிளம்பி வருகிறது? அந்த வேலைக்கு விதிகள் அனுமதிக்கும் நேரத்தில் குழாயை வைத்துக்கொள்ளட்டும், அனுமதி கிடைக்கும் ஊரில். களரி கட்டியதும் குழாயை நிறுத்திவிட்டுப் பெட்டிக்கு மாறலாம். அழைப்பது ஒரு வேலை, ஆடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே கருவியிடம் கொடுத்ததுதான் தப்பு.

இன்னொரு வாதம், குழாய் உழைக்கும், பெட்டி உழைக்காது என்பது. உண்மைதான். பெட்டிக்கு மழையும் பனியும் புழுதியும் ஆகாது. ஒரு தார்ப்பாய் உறையும் கொஞ்சம் கவனமும் வேண்டும். ஆனால் மத்தளத்துக்கும் மழை ஆகாதே! அதைத் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோகும் கைகளுக்குப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளவா தெரியாது?

மூன்றாவது வாதம்தான் கனமானது. காசு. ஒரு ஜமாவில் பத்துப் பதினைந்து பேர். சீசனில் வரும் வருமானத்தை அத்தனை பேரும் பங்கு போட்டு, மழைக்காலத்தைக் கூலி வேலையில் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் போய்ப் பெட்டி வாங்கு என்று உபதேசம் செய்வது சுலபம். அதனால் செலவை யார் ஏற்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். மைக் செட்டுக்கு விழாக் குழு தனியாக வாடகை கொடுக்கத்தானே செய்கிறது? வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போதே, கூத்துக்கான பெட்டி ஜமாவுடையது, அதற்கான வாடகை ஜமாவுக்கு என்று பேசிக்கொண்டால் சில சீசன்களில் பெட்டியின் விலை திரும்பிவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆர்ச்சும் பேனரும் வைக்கச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும், ஒரு பெட்டி வாங்கி ஜமாவுக்குக் கொடுக்க. பேனர் மூன்றாம் நாள் கிழியும். பெட்டி பல பாரதம் பார்க்கும்.

செட்காரத் தம்பியின் பிழைப்பையும் கெடுக்க வேண்டியதில்லை. லைட், ஜெனரேட்டர், சாயங்காலப் பாட்டு எல்லாம் அவருடையதுதான். பெட்டியை ஓட்டவும் அவரையே பழக்கலாம். மத்தளத்தில் எது வலது, எது இடது என்று அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும். அவரும் கூத்து பார்த்து வளர்ந்தவர்தானே!

ஒரு கலையைக் காப்பாற்றுவது என்றால் விருது, விழா, ஆவணப்படம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. மத்தளம் அவன் வயிற்றில் அடித்தால் அடுத்த வருஷமும் வருவான். காதில் 'டிக் டிக்' என்று குத்தினால் செல்போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான். அவனை உட்காரவைப்பதும் எழுப்பி அனுப்புவதும் அந்த இடது கைதான்.

அடுத்த முறை ஊரில் கூத்து என்றால், கடைசிப் பாய்க்குப் போய் ஒரு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். மத்தளத்துக்கு எத்தனை கை என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், விழாக் குழுவில் இருக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ விடிவதற்குள் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது!